அந்தி நேரத்து ஆறு தொடர்பான ஆட்சேபணை

நீர்வளத் துறையின் புதிய அலுவலகத்தில் வரவேற்பறை இருந்தது, சுவர் இருந்தது, ஆணியும் இருந்தது. ஆணிக்குத்தான் வேலை இல்லை. ஆகவே ஊர் ஆற்றை வரைந்து தருமாறு ஓவியக்காரம்மாவுக்கு ஆணை போனது.

பதினாறு நாள் மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தார். கிட்டே போனால் ஊதாவும் ஆரஞ்சுமாக வெறும் தீற்றல். பத்தடி தள்ளி நின்றால் அந்தி வெளிச்சத்தில் ஆறு நெளியும். இத்தனை வருடத்தில் உருப்படியாக வரைந்தது இதுதான் என்று அவருக்கே தோன்றியது.

செயற்பொறியாளர் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று உற்றுப் பார்த்தார்.

"கரை எங்கேம்மா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க சார்."

"பின்னால மேசை இருக்கே. அதை நகர்த்தணும்னா கட்டடப் பிரிவு உத்தரவு வேணும். சரி, இது பகலா, ராத்திரியா?"

"அந்தி சார்."

"படிவத்துல அந்திக்குக் கட்டமே இல்லையேம்மா! அதோட, கரையில்லாத ஆத்தை நாங்களே மாட்டி வெச்சா, ஆத்துக்குள்ள வீடு கட்டினவன் இதைக் காட்டியே கேஸ் ஜெயிச்சுடுவான். ஸ்கேல் வெச்சு ரெண்டு கோடு போட்டுடுங்களேன்."

ஓவியக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஆறே அப்படித்தான் சார் இருக்கு. வந்து பாருங்க!"

மூவர் குழு அமைக்கப்பட்டு, மாலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையை அடைந்தது. ஆறரை வரை மூவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் செயற்பொறியாளர், "அடடா!" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று ஓவியக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அறிக்கை வந்தது. "படத்தில் பிழையில்லை. மாலை ஆறு முதல் ஆறரை வரை ஆறுதான் தெளிவின்றி இயங்கி வருவது நேரில் உறுதி செய்யப்பட்டது. எனவே மேற்படி நேரத்தில் அனுமதிச் சீட்டின்றி ஆற்றைப் பார்ப்பது தடை செய்யப்படுகிறது."

ஊரே கொதித்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் சீட்டுக்கு வரிசை தெருமுனை தாண்டியது. ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களெல்லாம் குடும்பத்தோடு நின்றார்கள். சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளாமல் வெளியே போவதே கௌரவக் குறைச்சலாயிற்று.

ஓவியக்காரம்மாவும் அரைநாள் நின்று ஒன்று வாங்கினார். மாலையில் அதை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால், படித்துறையில் ஒருத்தி துணி அலசிக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒன்றையும் காணோம்.

ஓவியக்காரம்மா விடுவிடுவென்று காவலாளியிடம் போனார்.

"என்னய்யா இது? சீட்டு இல்லாதவங்கல்லாம் பார்த்துட்டிருக்காங்க, கேக்க மாட்டியா?"