மூச்சு வாங்கத் தெரியாதவர்

ஆஸ்பத்திரி லிஃப்ட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நூலகர், "நீ அதுல வா, எனக்கு உள்ள மூச்சு முட்டும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கதவு மூடியதும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பரிசோதனை அறைக்குள் நுழையும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் திட்டம்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஓய்வு பெற்ற மனுஷன் ஒருவர் வீட்டில் சும்மா இருக்கும்போது அது யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, "நானே நகர்த்திடுவேன், ஆனா ரெண்டு நாளா நெஞ்சு படபடங்குது" என்று முன்கூட்டியே ஒரு பிட்டைப் போட்டு வைத்தார்.

மனைவி பதறிப்போனாள். "ஐயையோ, நீங்க ஒண்ணையும் தொட வேணாம்" என்றாள். நூலகருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "எதுக்கும் டிரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்" என்றும் அவள் கூடவே சொல்லிவிட்டாள்.

ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டால் பீரோ அவர் முதுகில்தான்.

அவரை ஒரேயடியாகச் சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. போன வருஷம் துணி துவைக்கும் மெஷினுக்கு அவரே குழாய் மாட்டிக் கொடுத்தார். அதிலிருந்து கீழ் வீட்டுக்காரர்கள் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் தண்ணீர் சொட்டியதற்கு இவ்வளவா என்று அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பரிசோதனை அறையில் ஒரு டெக்னீஷியன் பெண்ணும், ஒத்தாசைக்கு ஓர் உதவியாளர் அம்மாளும் இருந்தார்கள். உதவியாளர் அம்மாள் அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். டெக்னீஷியன் திரையைப் பார்த்தாள்.

"என்ன சார், நாடி இப்படித் துடிக்குது? ஓடி வந்தீங்களா?"

"சும்மா உக்காந்திருந்தாலே இப்படித்தாம்மா."

"அப்ப மெஷின்ல ஏத்த முடியாது. கொஞ்ச நேரம் படுங்க. அடங்கினப்புறம் பாக்கலாம்."

ஏ.சி. இதமாக இருந்தது. உதவியாளர் அம்மாள் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வெளியே போனாள். அங்கே அவளும் மனைவியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. பீரோ விஷயமாகத்தான் இருக்கும், எக்காரணம் கொண்டும் தூங்கிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குறட்டை விட ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் திரும்பி வந்து எழுப்பியபோது அவர் நாடி பசுமாடு மாதிரி சாதுவாக இருந்தது.

"மெதுவாத்தான் ஆரம்பிக்கும். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏத்தமும் கூடும். உடம்பு எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்" என்றாள் டெக்னீஷியன்.

நூலகர் மெஷின்மேல் ஏறி நின்றார். உடனே வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்.

"சார், பெல்ட் இன்னும் நகரவே இல்ல."

பெல்ட் நகர்ந்தது. எதிர்ச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. மேலே 'ரொம்பச் சுலபம்', கடைசியில் 'இனி முடியாது'. எப்படி இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னாள் டெக்னீஷியன். அவர் கடைசி வரியைக் காட்டினார்.

"திரை வேற மாதிரி சொல்லுதே. பேச முடியுதா சார்?"

"எங்கம்மா பேசறது? வாயைத் திறக்கவே மூச்சு இல்ல, ஒரு வார்த்தை வெளிய வர மாட்டேங்குது, வயசானவங்கள இப்படி நிக்க வெச்சு வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, உங்க டாக்டரா, இல்ல இந்த மெஷினைச் செஞ்சவனா?"

"இவ்வளவையும் ஒரே மூச்சுல பேசிட்டீங்க. அப்ப நல்லாத்தான் இருக்கீங்க" என்று வேகத்தைக் கூட்டினாள் அவள். "தினம் நடப்பீங்களோ?"

நடக்கத்தான் செய்தார். ஓய்வு பெற்றதிலிருந்து, மனைவி துடைப்பத்தைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து அவர் நைசாக வெளியே நழுவிவிடுவார். அவள் பெருக்கி, துடைத்து, துணி காயப்போட்டு முடிக்கும்வரை பூங்காவைச் சுற்றுவார். வேலைக்குப் பயந்து நடந்து நடந்தே உடம்பு இப்படிக் கெட்டிப்பட்டுவிட்டது என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. தன் காலே தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவர் நொந்துபோனார்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டெக்னீஷியன் முந்திக்கொண்டாள்.

"உங்க வயசுக்காரங்க பெரும்பாலும் இந்த இடத்துல இறங்கிடுவாங்க சார். நீங்களும் இறங்கிடறீங்களா?"

புத்தியுள்ள மனுஷன் அப்போதே இறங்கியிருப்பான்.

"யாரு, நானா?" என்றார் நூலகர். "அடுத்ததைப் போடும்மா."

அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். நூலகர் கைகளை வீசிக்கொண்டு ஓடினார். பீரோ, பெயிண்ட் எல்லாம் மறந்தே போயிற்று. இளவட்டங்கள் யாராவது பார்த்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றியது. பெல்ட் நின்றபோது டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த மாசத்துலயே உங்க ரிப்போர்ட்தான் சார் பிரமாதம்."

அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அதுல லேசா ஒரு சின்னக் கோளாறு இருக்கற மாதிரி..."

"ரிப்போர்ட்ல அதெல்லாம் மாத்த முடியாது சார்."

"எழுத வேணாம். வெளிய என் வீட்டுக்காரி இருக்கா, அவகிட்ட வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாரம் தூக்கக் கூடாது, வீட்டு வேலை பக்கமே போகக் கூடாதுன்னு. உனக்குப் புண்ணியமாப் போகும்." இப்போது அவருக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது.

டெக்னீஷியன் உதவியாளர் அம்மாளைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்" என்றாள் அந்த அம்மாள், கடைசி வயரைப் பிய்த்தெடுத்தபடி. "நீங்க தூங்கறப்போ உங்க வீட்டம்மாவும் இதையேதான் கெஞ்சிக் கேட்டாங்க. உடம்பு நல்லாருக்குன்னு தெரிஞ்சா நீங்க ஒத்தாசை பண்ண வந்துடுவீங்களாம், போன தடவை பண்ண ஒத்தாசைக்கே கீழ் வீட்டுக்கு சீலிங்கையே மாத்திக் குடுத்தாங்களாம்."