சம்பந்தி மேல் பட்ட ஈட்டி

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை,
புதன்கிழமை, 1979

செங்கம் மச்சான் சகாதேவன் அவர்களுக்கு ஆதிமூலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை ஜோதியம்மாள், மகள் வேதா, மாடு கன்று எல்லாம் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேதாவுக்கு நடக்க வேண்டிய நிச்சயதார்த்தம் ஒரு சாம்ராஜ்யத்தால் நின்றுபோகும் போலிருக்கிறது.

மெட்ராசிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து, ஏரிக்கரையில் அட்டைக் கோட்டை கட்டி, ஏதோ ஒரு சக்கரவர்த்தியின் கதையைப் படம் பிடிக்கிறார்கள். சாம்ராஜ்யம் இந்த வாரம் விழுகிறது, அடுத்த வாரம்தான் எழும்புமாம். கேட்டால், பிறகு பிலிமை வெட்டி வரிசையாக ஒட்டிக்கொள்வோம் என்கிறார்கள். படைக்கு ஆள் பற்றாமல் ஊராரைக் காமிராவுக்குப் பின்னால் ஓடி மறுபடி முன்னால் வரச் சொன்னார்கள். சுற்றி வருவதை கிரிவலம் போகிற நம் ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒரு சமுத்திரம் ஆகிவிட்டோம். எதிரிப் படையில் எனக்கு ஒரு ஈட்டி. நான் சக்கரவர்த்தியின் தளபதியைக் குத்த, அவர் விழ, கொடி சாய, சாம்ராஜ்யம் முடிய வேண்டும், அதுதான் காட்சி. கிட்டே போய்ப் பார்த்தால் தளபதி யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளை அருணகிரியின் அப்பா, கீழ்பென்னாத்தூர் கண்ணாயிரம். மீசையைப் பார்த்துப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளையைப் பெற்றவர் எதிரே வந்தால் பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான்? ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வாங்க சம்பந்தி, வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா? சாப்ட்டீங்களா?" என்றேன். அவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சுங்க. வெயில் ஜாஸ்தியா இருக்குது, இப்படி நெழலுக்கு வாங்க" என்றார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள். "நீங்க மொதல்ல அடிங்க சம்பந்தி" என்றேன். "பொண்ணு வூட்டுக்காரர் மேல கை ஓங்குனா நல்லாருக்காதுங்க" என்றார். இரண்டு படையும் பசியோடு காத்து நின்றன. பொழுது சாய்கிறதென்று டைரக்டர் போட்ட சத்தத்தில், நான் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டேன் மச்சான். மர ஈட்டிதான், ஆனால் அது இடித்ததில் தலைக்கவசமும் டோப்பாவும் சேற்றில் போய் விழுந்தன. எந்நேரமும் தலைப்பாகையோடு இருக்கிற மனுசர், உள்ளே அப்படி ஒரு வழுக்கை என்று யாருக்குத் தெரியும்? ஊரே சிரித்தது. "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னயே குத்துறாரு, குடுத்தப்புறம் என்ன ஆவும்" என்று சொல்லிவிட்டு, சம்பந்தி மார்புக் கவசத்தோடேயே பஸ் ஏறிப் போய்விட்டார்.

வேதா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உங்கள் தங்கையோ, "சண்டைக்குப் போனவருக்கு அங்கியே சோறு போடுவாங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டாள். தாய்மாமன் நீங்கள்தான் கீழ்பென்னாத்தூர் போய், கையைக் காலைப் பிடித்தாவது சமாதானம் பண்ண வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஜெயித்தும் தோற்றுப்போன
ஆதிமூலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் சம்பந்தியே வந்துவிட்டார். கோபம் போய்விட்டதாம். ஒரே நிபந்தனை, அதே இடத்தில், அதே ஜனங்கள் முன்னால் அவர் என்னைக் குத்த வேண்டும், நான் விழ வேண்டும். வேதா சிரித்துவிட்டாள், நான் உடனே சரி என்றுவிட்டேன். சரித்திரத்தில் அந்த சாம்ராஜ்யம் விழுந்தே ஆக வேண்டுமென்று டைரக்டர் அழுகிறார். அது அவர் பாடு. நீங்கள் கீழ்பென்னாத்தூர் போக வேண்டாம், ஞாயிறு காலை தட்டு வரிசையோடு நேரே ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். நான் செத்ததும் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.