ஏழு வரி லிங்க்

"இது லிங்கா, இல்ல யாராவது கீபோர்டு மேல உக்காந்துட்டாங்களா?" என்று அக்கா ஃபோனைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நாளை காலை அவளுடைய திரைச்சீலைக் கடை திறப்பு. வேலையை விட்டுவிட்டு ஆரம்பிக்கிற கடை. முதல் நாளே ஈ ஓட்டினால் வீட்டில் தலை காட்ட முடியாது. கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் தம்பி. அழைப்பு அட்டையில் போடுவதற்காக, '100% பருத்தித் திரை' பக்கத்தின் லிங்கை அன்று காலை அப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தான். பெயர்களெல்லாம் தமிழில் இருந்ததால், அனுப்பியபோது எழுத்தெல்லாம் சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்து ஏழு வரிக்கு ஓடியது. ஆனால் அமுக்கினால் திறந்தது. கம்ப்யூட்டருக்கு அது போதும் என்று சொல்லிப் பார்த்தான்.

"கம்ப்யூட்டரா வந்து திரை வாங்கப் போகுது?"

அச்சகக்காரரைக் கூப்பிட்டான். மிஷின் ஓடும்போது அந்த மனிதர் ஃபோனை எடுப்பதே இல்லை. புது லிங்க் வரும், பொறுங்கள் என்று மெசேஜ் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பொருளின் பெயரை வைத்துத் தானாகவே சின்ன லிங்க் செய்து தரும் வசதி அவனுடைய மென்பொருளில் இருந்தது. முடுக்கிவிட்டான். அதற்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்தையெல்லாம் கழித்துக்கட்டியதில், 100% பருத்தித் திரை, 100% பட்டுத் திரை, 100% சணல் கால்மிதி எல்லாவற்றுக்கும் மிஞ்சியது வெறும் 100. எதை அமுக்கினாலும் கால்மிதி வந்து நின்றது.

"பட்டு கேட்டா காலைத் துடைச்சுட்டுப் போகச் சொல்றியேடா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்தான். நூறு-ஒன்று, நூறு-இரண்டு. கைதி நம்பர் மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. சரி, போகட்டும் என்றால், நடுவில் ஒரு தலையணை உறையை எடுக்கச் சொன்னாள். எடுத்ததும் எண்ணெல்லாம் ஓரிடம் நகர்ந்து, பட்டுத் திரையின் விலைக்குக் கால்மிதி விற்க ஆரம்பித்தது.

கடைசியில் நாற்பத்தாறு பொருளுக்கும் ஆங்கில எழுத்தில் தானே டைப் அடித்தான். அத்தான் வேறு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசனை சொன்னார். அவர் சொன்னதை அக்கா மறுத்தாள், அக்கா சொன்னதை அவர் மறுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து அவனை மறுத்தார்கள். சாப்பாடு ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரிதான் இருக்க வேண்டும் என்பது அவன் ஆபீஸ் பாடம். பழைய லிங்க் ஒன்றுகூட வேலை செய்யாதபடி துடைத்தெறிந்துவிட்டு அக்காவிடம் காட்டினான்.

"இது லிங்க்" என்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அப்போது வாசலில் அச்சகக்காரர், கையெல்லாம் மை, முகமெல்லாம் சிரிப்பு. மெசேஜை அவர் பார்க்கவே இல்லையாம். இரண்டாயிரம் அட்டையும் அடித்து, வீடு வீடாகப் போட்டும் ஆயிற்றாம். அந்த ஏழு வரியையா அடித்தீர்கள் என்று தம்பி மென்று விழுங்கிக் கேட்டான்.

"சேச்சே, அதை அப்படியே க்யூஆர் கோடா மாத்திட்டேன் சார், இனி லிங்க் எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் யார் கண்ணுலயும் படாது, காலைல நானே நாலு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், ஜம்முனு திறந்துச்சு."