சந்தேகக் கிராணியின் கிளட்ச்

ஒரு காலத்தில் நான் எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம் ஒன்றுக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். இந்த விஷயத்தை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. இன்று சொல்வதற்குக் காரணம், அதை விட்டுவிட்டுச் சந்தேகக் கிராணியைப் பற்றி எழுத முடியாது என்பதுதான்.

சிங்கப்பூரில் பிறந்தவர்கள், வந்தவர்கள், வந்து போனவர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, சந்தேகக் கிராணியை மறு தட்டில் உட்கார வைத்தால், சந்தேகப்படுவதில் அவர் தட்டுதான் தாழும். தாழ்ந்த உடனே, "தராசு யாருது?" என்று கேட்பார்.

ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளைச் சரிபார்க்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, அவர். படகிலிருந்து இறங்குகிற அரிசி, மிளகு, பாக்கு மூட்டைகளில் எதில் எவன் கை வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கயிறு தொய்ந்திருந்தால் கை வைத்த மூட்டை. இறுகியிருந்தால் யோக்கியமான மூட்டை. இந்த ஒரே சாஸ்திரத்தைக் கொண்டு அவர் உலகம் முழுவதையும் அளந்துவந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் "எதுக்குக் கேக்கறே?" என்றாரே தவிர, சொன்னதில்லை.

சிராங்கூன் ரோட்டில், கீழே தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளியின் காப்பிக்கடை, மேலே வரிசையாக அறைகள். அவர் அறைக்கு அடுத்தது என்னுடையது. குடிவந்த அன்று படியில் எதிர்ப்பட்டவரை மரியாதையாகக் கும்பிட்டேன். அவர் நின்றுவிட்டார்.

"என்ன விஷயமாக் கும்பிடுறே?"

"சும்மாதான் அண்ணே."

"சும்மாவா? சும்மா எவனும் கும்பிட மாட்டான் லா."

வாழைப்பழத்தைத் தின்பதற்கு முன் இரண்டாக ஒடித்து உள்ளே பார்ப்பார். தலையில் மழைத்துளி விழுந்தால் முதலில் மாடி ஜன்னலைப் பார்ப்பார், பிறகுதான் வானத்தை. என்னையும் கொஞ்ச நாள் கண்காணித்தார். கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாத ஆள் என்று தெரிந்ததும் சிநேகமாகிவிட்டார். எனக்கு அதில் சற்று வருத்தம்தான்.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்த சமயம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, அதன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் தொட்டியோடு. கிராணி சைக்கிளை மட்டும் எடுத்தார். தொட்டி வேண்டாம் என்றுவிட்டார். "பக்கத்துல ஒருத்தன் உக்காந்தா, நான் ரோட்டைப் பாக்கறதா, அவன் கையைப் பாக்கறதா?"

தொட்டியை நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்கு எஞ்சின் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சக்கரம். கடைசியில் தொட்டியை அவர் வண்டியோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: போகும்போது என் கைகள் இரண்டும் அவர் கண்ணில் படும்படி முழங்காலின் மேல் இருக்க வேண்டும். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல் உட்கார்ந்துகொண்டு நான் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்தேன்.

இத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அப்போது ஊரிலிருந்து என் மனைவியை வரவழைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். கடிதத்தில், "நாம் மோட்டார் வாங்கியிருக்கிறோம். உன்னைத் துறைமுகத்திலிருந்து அதில்தான் அழைத்துவருவேன்" என்று எழுதிவிட்டேன். பேனா கையில் இருக்கும்போது எனக்குப் புத்தி இருப்பதில்லை. அதை வைத்துத்தான் இன்று பிழைக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அவள் கப்பலேறிய பிறகுதான் கிளட்ச் கோளாறு ஆரம்பித்தது.

கிளட்ச் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்கு: எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துவைக்கிற தட்டுகளின் அடுக்கு அது. கைப்பிடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் ஒரு கம்பி இழுபட்டுத் தட்டுகள் விலகும். விட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எங்கள் வண்டியில் அவை கவ்வ மறுத்தன. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நகராது. சமதரையில் எப்படியோ ஊரும். சின்ன மேடு வந்தால் கத்தல் மட்டும் மேலே போகும், நாங்கள் கீழேயே இருப்போம்.

"யாரோ கை வெச்சிருக்கான்" என்றார் கிராணி.

முதல் சந்தேகம் பெட்ரோல் விற்றவன் மேல். தண்ணீர் கலந்திருப்பான் என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்து பார்த்தார். அடுத்தது, மோட்டார் வந்தால் பிழைப்புப் போய்விடுமே என்று பொறாமைப்படும் குதிரைவண்டிக்காரர்கள் மேல். அதற்கடுத்தது தவுக்கே மேல். காப்பி வறுக்கிற எண்ணெய்ப் புகை உள்ளே போய்த் தட்டுகள் வழுக்குகின்றனவாம். அவ்வளவுதான், கிளட்ச்சைப் பிரித்துவிட்டார். தக்கை பதித்த தட்டுகளைப் பெட்ரோலில் கழுவி மாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்தார். வடகத்துக்குக் காவல் இருப்பவரைப் போலக் குடையும் கையுமாக அருகிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கிராணி அதைப் பார்த்த பார்வையில், அது தான் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டிருக்கும்.

மறுபடி பூட்டியதும், வாங்கிய நாள் முதல் வாரம் தவறாமல் செய்துவந்ததைப் போலவே, கைப்பிடிக்குப் பக்கத்தில் கம்பியை முறுக்கேற்றும் திருகை ஸ்பானரால் ஒரு சுற்று இறுக்கினார். கம்பியை விரலால் சுண்டினார். வீணைத் தந்தி போல 'டிங்' என்றது. திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாளும் வழுக்கியது.

"ராத்திரியோட ராத்திரியா எவனோ கம்பியைத் தொய்ய விட்டிருக்கான், தம்பி. இங்க பாரு, ஆடுது."

ஒரு மயிரிழை ஆடியது. அதையும் இறுக்கினார். வண்டியைச் சுற்றிச் சாம்பலைத் தூவிக் காலடித் தடம் பார்த்தார். தடம் கிடைத்தது, அவருடையதுதான். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கிளச்சுக்குப் பக்கத்துல தினமும் யாரு உக்கார்றது?"

"அண்ணே! நான் கையை முழங்கால்லதானே வெச்சிருக்கேன்?"

"அதான் யோசிக்கிறேன். அவ்வளவு ஒழுங்கா எதுக்கு வெச்சிருக்கே?"

அன்று மாலை கிடங்கிலிருந்து அரக்கு கொண்டுவந்தார். மெழுகுவர்த்தியில் உருக்கி, அந்தத் திருகின் மேல் ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார். சீல் வைத்த கிளட்ச்சோடு ஒரு மோட்டார் சைக்கிள் உலகத்திலேயே எங்கள் தெருவில்தான் நின்றிருக்கும்.

இதற்குள் கப்பல் வந்துவிட்டது. கப்பலின் திறந்த தளத்தில் வரும் டெக் பிரயாணிகளைத் தொத்துநோய்ப் பரிசோதனைக்காக ஒரு தீவில் இறக்கிச் சில நாள் வைத்திருந்துதான் ஊருக்குள் விடுவார்கள். மனைவி தீவிலிருந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகரத்திலிருந்து கிளட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிக்‌ஷாவில் அழைத்துவந்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தீவிலிருந்து திரும்பிய ஒருவர், "உங்க சம்சாரம் அங்க எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் மோட்டாரைப் பத்தித்தான் பேசுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிக்‌ஷா யோசனை அங்கேயே செத்தது. மோட்டார் இல்லாமல் போனால், ஆயுள் முழுவதும் என் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் நம்பப்போவதில்லை.

அந்த நாள் வந்தது. காலியான தொட்டியோடு ஆற்றுப் பாலத்தை முக்கி முனகிக் கடந்து ஜெட்டி எனும் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். படகிலிருந்து மனைவி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் தீவே இறங்கியது. அத்தனை பெண்களும் மோட்டாரைப் பார்க்க நின்றார்கள்.

மனைவியைத் தொட்டியில் உட்கார வைத்து, மடியில் டிரங்குப் பெட்டி, காலடியில் ஊறுகாய் ஜாடி, இடுக்கில் ஒரு குத்துவிளக்கு என்று அடைத்தேன். நான் கிராணிக்குப் பின்னால், பின்சக்கரத்தின் மேலிருந்த சாமான் தாங்கியில் தொற்றிக்கொண்டேன். அவர் டிரங்குப் பெட்டியைக் காட்டி, "உள்ள என்ன?" என்றார்.

"புடவைங்க, அண்ணே" என்றாள் மனைவி.

"எல்லாமேவா?"

பாலத்தின் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி நின்றது. எஞ்சின் அலறியது. தட்டுகள் தீய்ந்த நாற்றம். மெல்லப் பின்னால் நழுவினோம். பின்னால் ஒரு மாட்டுவண்டி. மாட்டின் மூச்சு என் முதுகில் பட்டது. ஜெட்டியில் விட்டுவந்த பெண்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி குனிந்து, "நாங்க முன்னாடி போறோம்க்கா" என்றாள். மனைவி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன்.

கிராணி ஆசனத்தில் இருந்தபடியே குனிந்து முத்திரையைப் பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. அப்படி ஓர் ஏமாற்றத்தை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

"அப்ப எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு வேறு வழி தெரியாதவராக, முத்திரையை உடைத்து, ஸ்பானரைப் போட்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

கம்பி 'பட்'டென்று அறுந்தது.

அடுத்த கணம் நான் பாலத்தின்மேல் குப்புறக் கிடந்தேன். தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. கம்பியின் இழுப்பிலிருந்து விடுபட்ட தட்டுகள், எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒன்றையொன்று முழுசாகக் கவ்வியிருந்தன. கத்திக்கொண்டிருந்த எஞ்சின் அத்தனை பலத்தையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டது. நான் தலையைத் தூக்கியபோது வண்டி மேட்டைத் தாண்டி, நடந்துபோன பெண்களையெல்லாம் தாண்டி, அம்பாகப் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி அவர்களுக்குக் கையசைத்தது மட்டும் தெரிந்தது.

மீதியைத் தெரு சொல்லித்தான் அறிந்தேன். நாற்சந்தியில் சீக்கியப் போலீஸ்காரர் நிற்கச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். "அவரு ஏன் நம்மளை நிக்கச் சொல்றாரு?" என்று கிராணி இன்னும் வேகமாகப் போயிருக்கிறார். எஞ்சினை அணைத்தால் வண்டி நின்றுவிடும்தான். ஆனால் இத்தனை நாள் ஓடாத வண்டி திடீரென்று ஓடுவதே ஏதோ சூழ்ச்சி என்று அவருக்குப் பட்டிருக்கிறது, அணைக்கப் பயந்துவிட்டார். காப்பிக்கடை வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த அடுத்த வீட்டு அம்மாளைத் தாண்டி வண்டி போயிற்று. ஜாலான் புசார் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தாண்டிற்று. மூன்றாம் முறை அந்த அம்மாள் பொறுமையிழந்து ஓடுகிற வண்டிமேலேயே ஆரத்தியை வீசிக் கொட்டிவிட்டார். சிவப்புத் தண்ணீர் சொட்ட, பஃபலோ ரோட்டு மாட்டுக்கொட்டகையின் வைக்கோல் போரில் நுழைந்து வண்டி நின்றது.

நான் ஓடியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது, மனைவி தலையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊறுகாய் ஜாடி பத்திரமாக இருந்தது.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. நீங்க ஏன் நடந்து வர்றீங்க? உங்களுக்கு அதுல இடம் கிடையாதா?"

கிராணி அறுந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவரின் நிதானம் முகத்தில் இருந்தது.

"தம்பி, கம்பி அறுந்தப்புறம்தான் கிளச்சு பிடிச்சுது. அப்ப, கம்பி இறுக்கமா இருந்ததுதான் குத்தம்."

"ஆமாம் அண்ணே."

"இறுக்கினது யாரு?"

அவரே விரல் விட்டு எண்ணினார்.

"ஸ்பானர் என்னுது. முத்திரை என்னுது. சாம்பல்ல இருந்த காலும் என்னுது." நீண்ட மூச்சு விட்டார். "எனக்கு ஆரம்பத்துலேருந்தே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு."

பட்டறையில் புதுக் கம்பி போட்டுத் தந்தார்கள். நெம்புகோலில் ஒரு காசு நுழையும் அளவுக்குத் தொய்வு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும் என்றார்கள். அந்தத் தொய்வை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை. அன்றைக்கே என் அறைக்கு வந்து ஸ்பானரை நீட்டினார்.

"இதை நீ வெச்சுக்க. நான் கேட்டாக் குடுக்காதே. என்னை நம்பாதே."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கதவைத் தட்டுவார்.

"தம்பி, கம்பி தொய்வா இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே."

"இருக்கட்டும்ங்கறியா?"

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வேலைக்குப் போவார். வண்டி அதற்கப்புறம் வழுக்கவே இல்லை.

சில வருஷங்களில் கம்பெனி அவரைப் பினாங்குக்கு மாற்றியது. சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். நான் ஸ்பானரைக் கொடுக்கப் போனபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அங்க நான் தனியா இருப்பேன் லா. உங்கிட்டயே இருக்கட்டும்." என் தொட்டியில் இப்போது கோழிகள் அடைகின்றன. ஸ்பானர் மட்டும் மேஜை இழுப்பறையில் துருப்பிடிக்காமல் இருக்கிறது. அவ்வப்போது எண்ணெய் போடுகிறேன்.

போன வாரம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவியிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்: "இந்தச் சிங்கப்பூரிலேயே அந்த மனுஷன் நம்பினது என் ஒருத்தனைத்தான், தெரியுமா?"

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நம்பிக்கையா? உங்களுக்கு அதை எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாதுன்னுதான் உங்ககிட்ட குடுத்தாராம். கப்பலேறுறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு."