முதுகறிவு

ஒரு காட்டில், தண்ணீருக்குப் போகும் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. புலி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று நரி தினமும் காலையில் அதில் எழுதி வைக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் தினமும் தண்ணீர் குடித்தார்கள். தெரியாதவர்கள் சில நாள் குடித்தார்கள்.

செவியன் என்ற கழுதைக் குட்டியின் அப்பா படிக்கத் தெரியாதவர். ஒருநாள் தண்ணீருக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா செவியனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள்.

"நாலு எழுத்து சொல்லிக் குடுங்க சார். பலகையைப் படிச்சாப் போதும்."

வாத்தியார் மயில் அப்போதுதான் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். "எழுத்தெல்லாம் பழைய முறைம்மா. ஒவ்வொரு பிள்ளைக்குள்ளயும் ஒரு அறிவு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சு, அது வழியாத்தான் இப்பப் பாடம்."

கண்டுபிடிக்க ஒரு பரீட்சை. ஆளுக்கொரு சுரைக்காய் கொடுத்தார். மைனா அதைக் கொத்தித் தாளம் போட்டது. இசையறிவு. குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மரமேறியது. உடலறிவு. செவியன், யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லையே என்று மரியாதையாக நின்றான். வாத்தியார் யோசித்துவிட்டு, சுரைக்காயை எடுத்து அவன் முதுகில் வைத்தார். அது விழவில்லை.

"அபாரம்," என்றார். "முதுகறிவு."

மரத்தில் செதுக்கிய எழுத்துகள் வந்து இறங்கின. மைனா அவற்றைத் தட்டிப் பாடியது. குரங்கு அவற்றில் தொங்கியது. செவியன் அவற்றைச் சுமந்தான்.

"சார், இது என்ன எழுத்து?"

"கனமா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்பப் புரிஞ்சிடுச்சு."

ஆண்டு முடிவில் எல்லோரும் தண்ணீருக்குச் சுற்றுலா போனார்கள். பலகை வந்தது. மைனா அதற்கு மெட்டுப் போட்டது. குரங்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. செவியனுக்கு அப்பா ஞாபகம் வந்தது. வாத்தியார் மகன் நீலன் மட்டும், "இடப்பக்கம் புலி" என்று படித்துவிட்டு வலப்பக்கம் நடந்தான்.

"உனக்கு எந்த அறிவுடா?" என்று கேட்டான் செவியன்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. சாயங்காலம் ஆந்தையார்கிட்ட டியூஷன். எழுதலைன்னா மண்டையில கொத்துவார்."

செவியன் வாத்தியாரைப் பார்த்தான். அவர் தோகையைச் சரிசெய்துகொண்டார்.

"என் பிள்ளைக்குத் தனியா ஒரு அறிவும் அமையலைப்பா," என்றார் வருத்தமாக. "அதான் படிக்க வைக்கிறேன்."

இப்போதும் செவியன் தாகமெடுத்தால் பலகையடியில் நீலனுக்காகக் காத்து நிற்கிறான். நீலன் படித்துச் சொல்கிறான். அதற்காக அவன் பையைச் செவியன் சுமக்கிறான். நீலன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்புகிறான். சுமப்பதில் அவனை அடிக்க ஆளில்லை என்று காடே பாராட்டுகிறது.

நீதி: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அறிவு உண்டு, வாத்தியார் பிள்ளைக்குத்தான் பாவம், எழுத்தறிவு.