பெட்டிக்குள் பெட்டி

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோதுதானா ரத்தினசாமி அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட வேண்டும்! பட்டனை அழுத்தினார். பக்கவாட்டில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். தட்டினால் எழுந்துகொள்ளும் பெட்டிதான் அது. இந்தத் தடவை அசையவில்லை.

சிவகாசியில் வீட்டு முன்பக்கத்திலேயே சின்ன அச்சகம் அவருக்கு. எம். புதுப்பட்டி ராஜபாண்டியனின் பட்டாசுக் கம்பெனிக்கு அடிக்கும் லேபிளும் காலண்டரும்தான் சோறு போட்டன. அந்த ஆர்டர் கைநழுவினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். டிசைன் அத்தனையும் செத்த பெட்டிக்குள் கிடந்தன.

கம்ப்யூட்டர் கடை ரோஷினி வந்து பிரித்துப் பார்த்தாள்.

"பெட்டி போச்சு அண்ணாச்சி. ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா இந்தப் பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாது. புதுசுக்கு மாசாமாசம் வாடகை கட்டணும்."

"சாஃப்ட்வேருக்கு வாடகையா? குடியிருக்க வீட்டுக்கே நான் வாடகை குடுத்ததில்ல தாயி!"

"அப்ப எமுலேட்டர் போடுவோம். உங்க லேப்டாப்புக்குள்ள பழைய கம்ப்யூட்டர் இருக்க மாதிரியே அது நடிக்கும். பழைய சாஃப்ட்வேரும் அதை நம்பி ஓடும்."

"எம்புட்டு ஆகும்?"

"அது ஓசிதான். என் கூலி மட்டும் குடுங்க."

"ஏ பொன்னு, பாப்பாவுக்குக் காப்பி கொண்டா! சீனி தூக்கலா!" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார் அண்ணாச்சி.

சாயங்காலமே லேப்டாப் திரையில் பழைய பெட்டி எழுந்தது. அதே நீல நிறம், அதே 'டொய்ங்' சத்தம். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

காலண்டர் போடுவதற்கென்றே மதுரைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் அதில் இருந்தது. வருஷத்தைச் சொன்னால் பன்னிரண்டு தாளையும் அதுவே நிரப்பும். ஆனால் 2020 வரைதான் அதற்குத் தெரியும். அப்புறம் வந்த வருஷங்களுக்கெல்லாம் அண்ணாச்சியே தேதி தேதியாகக் கையால் அடித்தார். அதில் அவருக்கு மகா பெருமை. "இருபத்தேழு வருசத்துல என் காலண்டர்ல ஒரு தப்பு காட்டுங்கலே, மீசைய எடுத்துருதேன்" என்று பஜாரில் சவால் விடுவார்.

"இன்னும் ஏன் கையால அடிக்கீக?" என்றாள் ரோஷினி. "உள்ள இருக்க பெட்டிய 2015லயே நிறுத்தி வச்சிருதேன். 2015க்கும் 2026க்கும் கிழமை அச்சு அசலா ஒண்ணு. மேல வருசத்த மட்டும் மாத்துங்க. ஆனா அண்ணாச்சி, விசேசமெல்லாம் என்னன்னா..."

அண்ணாச்சி அதற்குள் அச்சு மெஷின் ஓட்டும் பெத்தணனைக் கூப்பிட வாசலுக்குப் பாய்ந்திருந்தார்.

இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்க்காமல் விடவில்லை. பொங்கல், ஜனவரி பதினைந்து, வியாழன். சரி. சித்திரைப் பிறப்பு, ஏப்ரல் பதினாலு. சரி. சுதந்திர தினம்கூடச் சரியாக இருந்தது. இதற்கு மேல் என்ன பார்க்க? மூவாயிரம் காலண்டர் அடித்து எம். புதுப்பட்டிக்கு லோடு போய்விட்டது.

மறுவாரம் பொன்னுத்தங்கம் கையில் ஒரு காலண்டரோடு வந்து நின்றாள்.

"ஏங்க, வர்ற வருசம் தீபாவளி ஞாயித்துக்கிழமையா, செவ்வாக்கிழமையா?"

"நம்ம காலண்டரப் பாரேன்."

"பாத்துட்டுத்தான் கேக்கேன். இது மளிகைக் கடையில குடுத்தது. நவம்பர் எட்டுன்னு போட்டிருக்கு. நம்மளதுல பத்து."

"அவன் எங்கயாச்சும் ஓசியில அடிச்சிருப்பான்" என்றபடி செல்போனில் பார்த்தார். எட்டுதான். உடனே ரோஷினியைக் கூப்பிட்டார்.

"பொங்கலும் சித்திரையும் சூரியக் கணக்கு அண்ணாச்சி, பெருசா நகராது. தீபாவளி அமாவாசைக் கணக்குல்ல? வருசத்துக்கு வருசம் மாறும். அதைத்தான அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க வாசலுக்கு ஓடிட்டீக. அது 2015 தீபாவளி."

"ஐயையோ! என்னைக்கோ வெடிச்சு முடிச்ச தீபாவளியவா அடிச்சிருக்கேன்!"

விநாயகர் சதுர்த்தியும் இடம் மாறித்தான் கிடந்தது. கிடக்கட்டும், பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். பட்டாசுக் கம்பெனிக்காரர் தீபாவளியைப் பொறுப்பாரா?

"ஸ்டிக்கர் ஒட்டிருவோம்" என்றார் பெத்தணன். எட்டாம் தேதிக்குச் சிவப்பில் 'தீபாவளி', பத்தாம் தேதியை மறைக்க வெள்ளை. அந்த நேரத்திலும் அண்ணாச்சியின் சிக்கன புத்தி சும்மா இருக்கவில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த தாளில் அடித்தார்.

"நவம்பர் தாள் லேசா மங்கிருச்சு, சரி பண்ணித் தாரேன்" என்று கம்பெனியில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கேட் பக்கத்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இருவரும் மூவாயிரத்துக்கும் ஒட்டி முடித்தார்கள். இடுப்பு விட்டுப்போனது. கடைசிக் காலண்டரை அண்ணாச்சி தூக்கிப் பார்த்தார். மெல்லிசு வெள்ளைத் தாளுக்கு அடியில் பத்தாம் தேதித் தீபாவளி பளிச்சென்று தெரிந்தது. உரித்துப் பார்த்தார். பத்தாம் தேதியே கிழிந்து கையோடு வந்தது.

"ஏ பெத்தணா, இப்ப ரெண்டு தீபாவளியா ஆயிருச்சேலே!"

அந்த நேரம் பார்த்து ராஜபாண்டியனின் கார் வந்து நின்றது. அவர் உள்ளே வந்தார். மேலே இருந்த காலண்டரை எடுத்தார். நேராக நவம்பரைத் திருப்பினார். எட்டைப் பார்த்தார், பத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தட்டிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? ஆர்டர் போச்சு, பேர் போச்சு, மீசையும் போச்சு என்று அண்ணாச்சி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாட்ச்மேன் முத்துக்கருப்பன் இரண்டு டீயோடு வந்தார்.

"குடிங்க அண்ணாச்சி, முதலாளி குடுக்கச் சொன்னாக. அடுத்த சீசன் லேபிள் மொத்தமும் உங்களுக்குத்தானாம்."

"எனக்கா? இதைப் பாத்த பெறகுமா?"

"பின்ன? போன வருசம் நீங்க கையால அடிச்ச காலண்டர்ல தீபாவளியே இல்ல. பழகின மனுசராச்சேன்னு முதலாளி வாயே தொறக்கல. இந்த வருசம் அதையும் சேத்து ரெண்டாப் போட்டுட்டீகளே!"