பிணவறைக்கு ஆள் தேவை

பெண்டாட்டியைப் பிணவறை வேலைக்கு அனுப்புவதில்லை என்று ஜைலோசி முடிவு கட்டினான். சோளக் களி ஆறுவதற்குள் கட்டிய முடிவு. அவன் கட்டிய முடிவு எதுவும் மறுநாள் காலைவரை நின்றதில்லை. இது நிற்கும் என்று நம்பினான்.

மாவட்ட ஆஸ்பத்திரிச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். பிணவறை உதவியாளர். அரசு வேலை. எட்டாம் வகுப்பு போதும். மழைக்காலம் முழுக்க அது சுவரில் நனைந்து ஊறியது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஜைலோசியின் மனைவி எனிஃபா விண்ணப்பித்துவிட்டாள். நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அந்தக் கையால எனக்குக் களி கிண்டிப் போடுவியா?"

"கழுவிட்டுத்தான் கிண்டுவேன். நீங்க புகையிலைக்கு மருந்தடிச்ச கையோட வந்து திங்கிறீங்களே, அதைவிட இது சுத்தம்."

"பிணம் கழுவுறவ புருஷன்னு ஊர் சொல்லும்."

"இப்ப ஊர் உங்களை என்ன சொல்லுதுன்னு தெரியுமா, தோகோ அப்பா?"

அவனுக்குத் தெரியும். கேட்கத்தான் விருப்பமில்லை.

"செத்தவங்க எழுந்து வந்தா என்ன பண்ணுவ?"

"வரட்டுமே. உங்களை மாதிரி பேசிக்கிட்டே இருக்க மாட்டாங்கல்ல."

அந்தப் பதிலில்தான் அவனுக்கு யோசனை முளைத்தது.

அந்த ஊரில் செத்தவர்கள் எழுந்து வருவதுண்டு. பெரிய ஆட்டத்தின்போது மயானத் தோப்பிலிருந்து முகமூடியோடு வருவார்கள். உள்ளே இருப்பது பக்கத்து வீட்டுக்காரன் என்று எந்தப் பெண்ணும் சொல்லக் கூடாது. நான்தான் என்று எந்த ஆணும் சொல்லக் கூடாது. முகமூடி போட்டவன் மனிதனே அல்ல. வாய் திறந்தால் தோப்பைக் காக்கும் பெரியவர்களுக்கு ஓர் ஆடு அபராதம் கட்ட வேண்டும், முதுகுக்குப் பிரம்பு. ஆட்டமில்லாத நாளில் முகமூடியைத் தொட்டால் பிரம்பு இரட்டிப்பு.

நேர்காணல் நடந்த அன்று சாயங்காலம் ஜைலோசி அதைத் தொட்டான்.

தோப்பில் வெளிச்சம் வெளியைவிட முன்னதாகவே செத்திருந்தது. காற்றில்லை. ஆனாலும் புதைமேட்டுக்குப் புதைமேடு சருகு நகர்ந்தது. முகமூடிக்குள் பழைய வியர்வை நாறியது. யார் வியர்வை என்று யோசித்தான். இதை முன்பு போட்டவன் இப்போது இதே தோப்பில்தான் படுத்திருக்கிறான். யோசிப்பதை நிறுத்திக்கொண்டான்.

தோப்பினூடே போகும் ஒற்றையடிப் பாதையில் எனிஃபா வந்தாள். தனியாக வரவில்லை. கூட ஒரு கிழவர். பிணவறைத் தலைவர் சிகாண்டா. அடுத்த ஊர்க்காரர், அதனால் அதே பாதை.

"நேர்காணல்ல நீ எல்லாம் நல்லாத்தான் சொன்னம்மா. ஆனா போன தடவை சேர்ந்தவன் கதவு முனகுதுன்னு முதல் நாளே ஓடிட்டான். நீ ஓட மாட்டேன்னு எதை நம்பி நான் சரின்னு சொல்றது?"

சரியாக அந்த நேரத்தில் ஜைலோசி மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, அடிவயிற்றிலிருந்து முனகினான்.

சிகாண்டா பின்வாங்கித் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். எனிஃபா நின்றாள். முகமூடியைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் அதன் கால்களைப் பார்த்தாள். மண்டியிட்டு, மரியாதையாக மெல்லக் கைதட்டினாள்.

"வாங்க ஐயா. படுக்க இடம் கிடைக்காம அலையிறீங்களா?"

அவன் இன்னும் பலமாக முனகினான்.

"செத்தவங்க பேசக் கூடாதுங்க. படுங்க."

வீட்டில் பிள்ளை தோகோவைத் தூங்க வைக்கிற அதே குரல். அவனைக் கேட்காமலே உடம்பு பாதையோரப் புதைமேட்டில் படுத்துக்கொண்டது.

படுத்தவனின் கைகளை அவன் மார்பில் சேர்த்து வைத்தாள். அந்தக் கை அவனுக்குப் பழகிய கைதான். ஆனால் அது அவனை அறிந்த மாதிரியே தொடவில்லை. ஒரு பொருளைத் தொடுவதுபோல் தொட்டது. தன் தலைத்துணியைக் கிழித்து அவன் மணிக்கட்டுகளைக் கட்டினாள். முகமூடியின் மரத் தாடையையும் உச்சியோடு சேர்த்துக் கட்டினாள்.

"கால் பெருவிரலை மறந்துடாதம்மா," என்றார் சிகாண்டா, பயம் தெளிந்து.

"கட்டிட்டேன் ஐயா. பாவம், கால்ல மண்வெட்டி பட்ட தழும்பு. யார் வீட்டுக்காரரோ." அவள் விரல் அந்தத் தழும்பை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனது.

பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தலைமுதல் கால்வரை போர்த்தினாள்.

"முப்பது வருஷமா இருக்கேன்," என்றார் கிழவர். "நடக்கிற பிணத்தைக் கட்டின ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். திங்கட்கிழமை வந்து சேர்ந்துடும்மா. எழுத வேண்டியதை நான் எழுதிக்கிறேன்."

காலடிகள் தேய்ந்து போயின.

துணிக்கு அடியில் ஜைலோசி கிடந்தான். காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். அவன் மூச்சைப் பிடித்தான். அதுவும் நின்றது. விட்டான். அதுவும் விட்டது. அது தன் மூச்சுதான் என்று தெளிய நேரமாயிற்று. அதுவரை தான் செத்துவிட்டதாகவே நம்பியிருந்தான். முதுகுக்குக் கீழே மண் லேசாக அசைந்ததுபோல் இருந்தது, உள்ளே படுத்திருக்கிறவர் நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி.

கட்டுகளை அவன் அவிழ்த்த கதை வேண்டாம். முகமூடியை வைத்துவிட்டு வீடு வந்தபோது களி தயாராக இருந்தது.

"எங்க போயிருந்தீங்க?"

"வயலுக்கு."

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு. வழியில ஒரு ஆவி வந்துச்சு, தோகோ அப்பா. நல்ல ஆவி. சொன்னவுடனே படுத்துக்கிச்சு."

அவன் களியை உருண்டை பிடித்தான்.

"அதுகிட்ட ஒண்ணு கேட்டேன். நான் வேலைக்குப் போற நாள்ல என் வீட்டுக்காரர் சமைக்கணுமான்னு. ஆமான்னு தலையாட்டுச்சு. செத்தவங்க வாக்கு, மீறினா குடும்பத்துக்கு ஆகாது."

அவள் அப்படி எதையும் கேட்கவே இல்லை. ஆவியும் தலையாட்டவே இல்லை. கட்டிப் போர்த்திக் கிடத்திய தலை எப்படி ஆடும்? இதைச் சொல்லத்தான் ஜைலோசி வாயைத் திறந்தான். வெளியே தோப்புப் பெரியவர் யாரோ இருமிக்கொண்டு போனார். திறந்த வாயில் ஒரு கவளம் களியைப் போட்டுக்கொண்டான்.

"கீரைக்கு உப்பு எவ்வளவு போடணும்?" என்று கேட்டான்.